அதிரசம்

பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் முழுதும் காயுமுன் இடித்த மாவை வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, ஓரிரு நாள் வைத்திருந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி எண்ணெயில் சுட்டெடுக்கும் பலகாரம் அதிரசம். ஏலக்காயும் சுக்கும் எள்ளும் வீட்டுக்கு வீடு கூடும், குறையும். அரிசியும் வெல்லமும் மாறுவதில்லை. தமிழ்நாட்டில் தீபாவளி, கேதார கௌரி நோன்பு, வளைகாப்பு, கல்யாணச் சீர்வரிசை என்று அதிரசம் வராத விசேஷம் குறைவு. இனிப்புக் கடைகள் தெருவுக்குத் தெரு வந்த பிறகும் வீட்டு அடுப்பைவிட்டு இறங்காத பலகாரங்களில் இதற்கே முதலிடம் தரலாம்.

இதன் வரலாற்றை எழுதுகிறவர்கள் பலர் சங்க காலத்துக்கே போய்விடுகிறார்கள். அந்தக் காலத்தில் இனிப்பு அடைகளுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி மதுரையின் இரவை யாமம் யாமமாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, மெல்லிய அடையும் பூரணம் வைத்த மோதகமும் விற்ற கூவியர் சரக்கோடு சரக்காகத் தூங்கி வழிகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கூவியர் பாகு சேர்த்துச் செய்த வட்டமான பலகாரம் பாலில் கிடக்கும் காட்சி ஓர் உவமையாக வருகிறது. சிலப்பதிகாரத்துப் புகார் நகரத் தெருவிலும் கூவியர் உண்டு. ஆனால் உரைகாரர்கள் கூவியரை அப்ப வாணிகர் என்றே சொல்கிறார்கள். அதிரசம் அங்கே இருந்தது என்பதற்கு இவற்றில் எதுவும் சாட்சி ஆகாது.

இந்த வேறுபாடு சில்லறை விஷயமில்லை. அப்பம் கரைத்து ஊற்றுவது. மாவையும் வெல்லத்தையும் நீரில் கலந்தால் போதும், உடனே சுடலாம், அன்றே தின்றுவிட வேண்டும். அதிரசம் பாகு வைத்துக் கிளறுவது. காத்திருந்து சுட வேண்டும், சுட்டபின் இரண்டு மூன்று வாரம் இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ‘இரண்டாயிரம் ஆண்டுப் பழமை’ என்று எழுதுவது பெருமையாக இருக்கலாம், வரலாறு ஆகாது. பெரியாழ்வார் கண்ணனுக்கு எடுத்துவைக்கும் தின்பண்டங்களில் அப்பம், லட்டு, சீடை, எள்ளுருண்டை எல்லாம் வருகின்றன, அதிரசத்தைக் காணோம். சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்குப் படைத்த அப்ப அமுது வருகிறது.

அதிரசம் தன் பெயரோடும் அளவுகளோடும் துலங்குவது விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளில். திருமலை திருப்பதிக் கோயில் சுவர்களில் உள்ள 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பெரும்பாலும் நைவேத்தியக் கட்டளைகள்தாம். அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி என்று வகை பிரித்து, எந்த நாளில் எத்தனை படி, அதற்கு அரிசி எவ்வளவு, வெல்லம் எத்தனை பலம், நெய், மிளகு எவ்வளவு என்று கணக்குப்பிள்ளையின் கண்டிப்போடு பொறித்திருக்கிறார்கள். மிளகு சேர்ந்த அதிரசம் இன்றைய நாக்குக்குப் புதிதாகத் தோன்றலாம். சுக்குப்பொடி போடுகிறவர்கள் அந்த வழியிலிருந்து அதிக தூரம் விலகிவிடவில்லை.

அந்தக் கல்வெட்டுகளில் பலகாரத்தின் செய்முறையைவிடச் சுவையானது பங்கீடு. படைத்ததில் நாலில் ஒரு பங்கு கட்டளை வைத்தவருக்கு. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். மன்னர்களும் அதிகாரிகளும் தங்கள் பங்கை யாத்ரீகர்களுக்குச் சோறு போடும் இராமானுசகூடத்துக்கோ மடத்துக்கோ எழுதிவைத்தார்கள். சோறு அன்றைக்கே தீர்ந்துவிடும். வேகமாகக் கெடாத பணியாரம் மலையிறங்கி ஊர் போய்ச் சேரும். மூட்டை கட்டிக்கொண்டு போகத் தோதான பிரசாதம் என்பதே கோயில் மடைப்பள்ளிகளில் அதிரசத்துக்குக் கிடைத்த மதிப்புக்குக் காரணம் என்று கருத இடமுண்டு. இன்றைக்குத் திருப்பதி லட்டு செய்யும் வேலையும் அதுதான்.

வீடுகளில் அதிரசம் வேரூன்றிய கதைக்குக் கல்வெட்டு இல்லை, சடங்குகளே தடயம். வட தமிழ்நாட்டில் ஐப்பசி அமாவாசையில் கேதார கௌரி நோன்பு எடுக்கும் வீடுகளில் 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 முடிச்சுப் போட்ட நோன்புக் கயிறு என்று கலசத்தின் முன் வைப்பார்கள். அதிரசம் உடையாமல், எண்ணிக்கை பிசகாமல் இருக்க வேண்டும். ஆற்காடு, வேலூர், கடலூர்ப் பக்கம் ‘நோன்பு’ என்று மட்டும் சொன்னாலே அதிரசம்தான் நினைவுக்கு வரும். தென்னாற்காட்டு மண்ணில் கரும்பும் வேர்க்கடலையும் பெருகியது இதற்கு ஒத்தாசையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842இலேயே வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் அந்த மாவட்டத்துக் கடலை கப்பலேறியது. வெல்லமும் கடலெண்ணெயும் கைக்கெட்டும் இடத்தில், நெய்யில் சுட்ட கோயில் பணியாரத்தைச் சாதாரணக் குடும்பமும் எண்ணெய்ச் சட்டியில் சுட முடியும்.

இதே பலகாரம் வேறு பெயர்களில் நாடெங்கும் இருக்கிறது. ஆந்திரத்தில் அரிசெலு, சங்கராந்திக்கு உரியது. அங்கே குழந்தை முதல் அடி எடுத்து வைத்தால் தரையில் அரிசெலுவைப் பரப்பி அதன்மேல் நடக்கவிட்டு, பிறகு அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிடும் வழக்கம் உண்டு. கன்னடத்தில் கஜ்ஜாயம். ஒடிசாவில் அரிசா பிட்டா. மராட்டியர்களின் அனார்சே இவற்றில் கொஞ்சம் தனிப்போக்கு உள்ளது: அரிசியை மூன்று நாள், தினமும் தண்ணீர் மாற்றி, ஊறவைக்கிறார்கள். பாகு காய்ச்சாமல் வெல்லத்தையே மாவோடு இடித்துப் பிசைந்து புளிக்கவிடுகிறார்கள். கசகசாவின் மேல் தட்டி, கசகசாப் பக்கம் மேலே இருக்கும்படி நெய்யில் போட்டு, திருப்பாமலே வேகவைக்கிறார்கள். சந்திர ஆண்டுக் கணக்கில் கூடுதலாகச் சேரும் ‘அதிக மாதம்’ வந்தால் மாப்பிள்ளைக்கு 33 அனார்சே வைத்துத் தருவது அங்கே முறை. பீகாரின் கயாவிலும் அனர்சா பேர்போனது. உத்தராகண்டின் கட்வால் மலைகளில் கல்யாணத்துக்குச் சுடும் அர்சாவை, ஆதிசங்கரரோடு தெற்கிலிருந்து போன பூசாரிகள் கொண்டுபோனதாக ஒரு கதை சொல்கிறார்கள். கதைக்கு ஆதாரம் எப்படியோ, அர்சாவைத் தின்ற தமிழருக்கு அறிமுகம் தேவைப்படாது.

யாழ்ப்பாணத்தில் இதன் உறவு அரியதரம். கல்யாணத்துக்கு நாள் பார்த்துப் பலகாரச் சூடு தொடங்கும் வீடுகளில் பயற்றம் உருண்டை, முறுக்கு, சிற்றுண்டியோடு அரியதரமும் சட்டியில் இறங்கும். வெல்லத்துக்குப் பதில் சீனிப்பாகில் குழைப்பவர்களும் அங்கே உண்டு. அப்போது நிறம் வெளிறி, கடிக்கும்போது மொறுமொறுப்பு கூடும். சிங்களப் புத்தாண்டு மேசையில் கொண்டைப் பணியாரத்தோடு அதிரசவும் இருக்கும். கடல் தாண்டிய தமிழ்க் குடும்பங்களில் மலேசியா, சிங்கப்பூரிலும் தீபாவளிக்கு முறுக்கோடு அதிரசம் உண்டு.

இனி அடுப்படி. மாவுக்கென்றே விற்கும் பச்சரிசி வேண்டும்; புழுங்கலரிசி உதவாது. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் வெள்ளைத் துணியில் பரப்புவார்கள். கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் இடித்துச் சலித்த மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கும், உதிர்த்தால் உதிரும். மாவு காய்ந்துவிட்டால் பாகை உறிஞ்சிக் கட்டியாகிவிடும். அதனால்தான் கடையில் வாங்கும் காய்ந்த அரிசிமாவில் அதிரசம் கிளறக் கூடாது என்று பெரியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பொதுக் கணக்கு.

அதிரசத்தின் தலையெழுத்தை எழுதுவது பாகு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடி அடுப்பில் ஏற்றினால் முதலில் பொங்கி நுரைக்கும், பிறகு நுரை தடித்துக் குமிழ் சிறுக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். அதில் ஒரு சொட்டு விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் திரண்டு, மெத்தென்று உருள வேண்டும். தக்காளிப் பதம் என்பார்கள், உருட்டுப் பதம் என்பாரும் உண்டு. வெப்பமானி வைத்துப் பார்த்தால் சுமார் 115 பாகை செல்சியஸ். பாகில் 100க்கு 85 பங்குக்குச் சர்க்கரை சேர்ந்திருக்கும். முன்னால் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து கரையும். ஒரு நிமிஷம் தாமதித்தால் உருண்டை இறுகி, கிண்ணத்தில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். அது கடலை உருண்டைக்கு ஆகும், அதிரசத்துக்கு ஆகாது, பல்லை உடைக்கும்.

வெல்லம் எது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. மழைக்காலத்தில் கசிந்த பழைய வெல்லத்தில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைந்திருக்கும். அந்தப் பாகு எவ்வளவு காய்ச்சினாலும் திரளாது. கடைக்காரரிடம் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டு வாங்குவது இதனால்தான். தீபாவளியோ ஐப்பசி மழையில் வருகிறது. வெல்லம் கசியும் பருவத்தில் வெல்லப் பலகாரத்தை வைத்த முன்னோரின் துணிச்சலை என்ன சொல்ல!

பாகை இறக்கிய சூட்டோடு மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறுவார்கள். மாவு முழுவதையும் கொட்டிவிடக் கூடாது. கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும், ஆறினால் தானாக இறுகும். சூடான பாகு மாவை அரைவேக்காடாக்குகிறது. ஊறும் நேரத்தில் ஈரமும் இனிப்பும் மாவுக்குள் சமமாகப் பரவுகின்றன. மறுநாள் மாவு இறுகிப் போயிருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பான பால் தெளித்துப் பிசைவது வழக்கம். எண்ணெயில் பிரிந்தால் ஒரு கை அரிசிமாவோ கோதுமைமாவோ சேர்ப்பார்கள். எதற்கும் மசியாத மாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குழிப்பணியாரமாகச் சுட்டுத் தீர்ப்பதும் நடக்கும்; அந்த வருஷம் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

சுடுவது மிதமான தீயில், சட்டிக்கு ஒன்றிரண்டாக. நெய் தடவிய வாழையிலையில் தட்டி நழுவவிட்டால் அடியில் போய்க் கிடந்து, சில நொடியில் உப்பி மேலே வரும். திருப்பிப் போட்டு, செம்பழுப்பு ஏறியதும் எடுத்து இரண்டு ஜல்லிக்கரண்டிக்கு நடுவிலோ, அதிரசப் பலகையிலோ வைத்து அழுத்த எண்ணெய் வடியும். அழுத்தாத அதிரசம் நாலு நாளில் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். சுட்ட அன்றைக்கு ஓரம் மொறுமொறுப்பாக இருக்கும்; இரண்டாம் நாள் மிருதுவாகி ருசி கூடும். அடர்ந்த சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சை எளிதில் பிடிப்பதில்லை.

இவ்வளவு பதம் பார்க்க வேண்டியிருப்பதால் அதிரசத்தைச் சுற்றி நம்பிக்கைகளும் வளர்ந்தன. மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டுவது, முதல் அதிரசத்தை அவருக்கு எடுத்துவைப்பது, அன்னியர் கண்ணில் படாமல் சுடுவது எல்லாம் இன்றும் உண்டு. ‘கண் பட்டதால் பிரிந்துவிட்டது’ என்ற விளக்கம், பாகு வைத்த மருமகளைப் பல மாமியாரிடமிருந்து காப்பாற்றியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் சமையலை அளவுகளாக எழுதிவைக்கும் பழக்கம் பரவியது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தபின், தாய்வீட்டை விட்டுத் தள்ளிப் போன பெண்களுக்குப் புத்தகமே அம்மாவாயிற்று. சாம்பாரும் ரசமும் அளவுக்குள் அடங்கின. அதிரசத்துக்கு மட்டும் இன்றுவரை எந்தக் குறிப்பானாலும் ‘பதம் வந்ததும் இறக்கவும்’ என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. உரலின் வேலையை மாவு மில் எடுத்துக்கொண்டது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஈர அரிசிக்கென்றே ஓர் இயந்திரத்தை ஒதுக்கும் மில்களில் வாளியோடு வரிசை நிற்கும். மிக்ஸி வந்தபின் அந்த வரிசையும் குறைந்தது.

கடைகள் அதிரசத்தைக் கைப்பற்றிய விதம் வேடிக்கையானது. மைசூர்பாகையும் ஜாங்கிரியையும் முழுதாகச் செய்து விற்கிறவர்கள், தீபாவளி நெருங்கினால் அதிரசத்தின் மாவைத்தான் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கிறார்கள். வாங்குகிறவர்களும் பாகு வைக்கும் சோதனையைத்தான் கடைக்காரர் தலையில் கட்டுகிறார்களே தவிர, சுடுவதை விட்டுக்கொடுப்பதில்லை. தினை அதிரசம், கருப்பட்டி அதிரசம் என்று இப்போது பாக்கெட்டுகளும் வருகின்றன. மாவு வாங்கப் போகும் பெண்கள் விலையைக் கேட்குமுன் ‘என்னைக்குக் கிளறினது?’ என்று கேட்டு, ஒரு சிட்டிகை கிள்ளி விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்த பிறகே ‘அரைக் கிலோ போடுங்க’ என்கிறார்கள்.