சாதனையும் சான்றாண்மையும்: 1982 ஆம் ஆண்டுக் கொழும்புப் போட்டியை முன்வைத்து ஒரு நோக்கு

வெண்ணிப் பறந்தலையில் நிகழ்ந்த போரிலே கரிகாற் சோழன் வென்றான்; சேரமான் பெருஞ்சேரலாதன் தோற்றான். முதுகிற் புண்பட்டமைக்கு நாணிய சேரன் வடக்கிருந்து உயிர்நீத்தான். அப்போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியார், வென்ற மன்னனையே முன்னிலைப்படுத்தி, நாணி மாண்டவன் அவனினும் மேம்பட்டவன் என்னும் கருத்தமையப் பாடினார். புகழை வெற்றியொன்றைக் கொண்டே அளப்பதா, ஒழுக்கத்தையும் சேர்த்து நிறுப்பதா என்னும் வினா தமிழர்க்குப் புதியதன்று என்பதற்கு அப்புறநானூற்றுப் பாடலே சான்றாகும்.

இவ்வினா இன்று விளையாட்டுத் துறையில் மீண்டும் எழுந்துள்ளது. அமெரிக்கரின் பேஸ்போல் விளையாட்டுக்கென நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்ரவுண் என்னும் சிற்றூரிலே 1939 இல் புகழ் மண்டபம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு வீரர்களைத் தெரிவுசெய்வோர், ஆட்டத்திறனோடு நேர்மையையும் பண்பையும் கருத்திற் கொள்ளவேண்டும் என்பது விதி. 4,256 அடிகள் பெற்று எவரும் எட்டாத சாதனையை நிலைநாட்டிய பீற் றோஸ், தாம் முகாமை செய்த அணியின் ஆட்டங்கள்மீதே பந்தயங் கட்டியமைக்காக 1989 இல் விலக்கப்பட்டார். 2024 இல் இறக்கும்வரை அவருக்கு அம்மண்டபத்தில் இடம் கிடைக்கவில்லை. அவர்மீதிருந்த தடை 2025 இலேயே நீங்கிற்று. அமெரிக்கரின் இவ்விவாதத்துக்கு இணையானதொரு வரலாறு இலங்கைக்கும் உண்டு. அது கொழும்பு மாநகரிலேயே தொடங்குகின்றது.

1981 இல் இலங்கை ரெஸ்ற் தகுதி பெற்றது. அதன் முதலாவது ரெஸ்ற் போட்டி 1982 பெப்ரவரி 17 இல், தமிழ் யூனியன் கழகத்தின் மைதானமான பி. சரவணமுத்து அரங்கிலே இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுரவே நாட்டின் முதலாவது ரெஸ்ற் பந்தை எதிர்கொண்டவர். முதலாவது ஓட்டத்தைப் பெற்றவரும் அவரே. இலங்கை 218, 175 ஓட்டங்களைப் பெற்றது. முதலாம் இனிங்ஸில் டெரெக் அண்டர்வூட் 5 விக்கெற்றுகளையும், இரண்டாம் இனிங்ஸில் ஜோன் எம்புரே 6 விக்கெற்றுகளையும் வீழ்த்தினர். இங்கிலாந்து 7 விக்கெற்றுகளால் வென்றது.

அக்காலத்திலே நிறவெறிக் கொள்கை காரணமாகத் தென்னாபிரிக்கா உலகக் கிரிக்கெற்றிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்தது. அந்நாட்டுடன் விளையாட்டுத் தொடர்புகளைத் தவிர்ப்பதெனப் பொதுநலவாய நாடுகளின் தலைவர்கள் 1977 இல் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டிலே இணங்கியிருந்தனர். இவ்வாறிருக்க, கொழும்புப் போட்டி முடிந்து அடுத்த மாதமே, அப்போட்டியில் ஆடிய கிரஹம் கூச், எம்புரே, அண்டர்வூட் ஆகிய மூவரும் பெரும் பணம் பெற்றுத் தென்னாபிரிக்கா சென்றனர். அக்குழுவின் தலைவர் கூச். அதே ஆண்டின் இறுதியில், ரொனி ஓப்பாத்த ஒழுங்குசெய்த ‘அரோசா ஸ்ரீலங்கா’ என்னும் அணி அங்கு சென்றது. அதன் தலைவர் வர்ணபுர. கொழும்பு ரெஸ்ற்றில் ஆடிய லலித் களுப்பெரும, மகேஷ் குணதிலக்க, அஜித் டி சில்வா ஆகியோரும் அவருடன் சென்றனர். இவ்வாறாக, ஒரே ஆட்டத்தில் எதிரெதிராக ஆடிய எழுவர், ஒரே ஆண்டில் ஒரே தவற்றைப் புரிந்தனர்.

அவர்களுக்குக் கிடைத்த தீர்ப்போ ஒன்றாக அமையவில்லை. இங்கிலாந்து வீரர்களுக்கு 3 ஆண்டுத் தடை. இலங்கை வீரர்களுக்கு 25 ஆண்டுத் தடை. கூச் மீண்டு வந்து இங்கிலாந்தின் தலைவரானார். 1990 இல் லோர்ட்ஸ் மைதானத்திலே இந்தியாவுக்கு எதிராக 333 ஓட்டங்களைப் பெற்றார். சர்வதேசக் கிரிக்கெற் சபை 2009 இல் தனது புகழ் மண்டபத்தை நிறுவியபோது, முதல் வரிசையிலேயே கூச்சுக்கும் அண்டர்வூட்டுக்கும் இடமளித்தது. இலங்கையர்மீதிருந்த தடை காலம் முடியுமுன்னரே நீக்கப்பட்டதாயினும், அவர்களுள் எவரும் மீண்டும் நாட்டுக்காக ரெஸ்ற் ஆடவில்லை. 4 ரெஸ்ற் போட்டிகளுடன் ஆட்டவாழ்வை இழந்த வர்ணபுர, பின்னாளில் பயிற்றுநராகவும் நிர்வாகியாகவும் பணியாற்றி 2021 இல் காலமானார்.

இங்கு இருவேறு வாதங்கள் எழுகின்றன. விளையாட்டு வீரனைத் திறமை கொண்டே மதிக்கவேண்டும், அரசியலும் ஒழுக்கமும் வேறு என்பர் ஒரு சாரார். ஆயின், நிறத்தைக் காரணங்காட்டி ஒரு நாட்டின் பெரும்பான்மை மக்களுக்கு வாக்குரிமையும் மறுக்கப்பட்டிருந்த வேளையிலே, அவ்வரசுக்கு மதிப்புத் தேடித்தரும் ஆட்டம் வெறும் ஆட்டமாக இருத்தல் இயலாது. கௌரவம் என்பது சமுதாயம் ஒருவரைப் பின்பற்றத்தக்கவர் எனச் சுட்டிக்காட்டும் செயல். ஆதலின் அங்கு ஒழுக்கத்தை நோக்காதிருத்தல் தகாது. மறுசாரார், தவறிழைத்தவரின் பெயரையே மறந்துவிட வேண்டுமென்பர். இதுவும் ஏற்புடையதன்று. முதல் ஓட்டத்தைப் பெற்றவர் வர்ணபுர என்பது நிகழ்ந்த உண்மை. அதனை மறைக்கும் வரலாறு, அவர் தென்னாபிரிக்கா சென்ற உண்மையையும் ஒருநாள் மறைக்கக்கூடும்.

குற்றத்தைத் தீர நிறுவாமல் பழி சுமத்துதலின் தீமைக்கும் இலங்கையிலேயே உதாரணம் உண்டு. 1995 டிசெம்பர் 26 இல் மெல்பேர்ண் மைதானத்திலே நடுவர் டரெல் ஹெயர், முத்தையா முரளிதரனின் பந்துவீச்சை முறையற்ற எறிதல் என அறிவித்தார். ஏமாற்றுக்காரர் என்னும் வசை பல்லாண்டுகள் அவரைத் தொடர்ந்தது. அவரது முழங்கை பிறப்பிலேயே முற்றாக நிமிராத இயல்புடையது எனப் பரிசோதனைகள் காட்டின. மற்றைய பந்துவீச்சாளர் பலரது முழங்கையும் வீசும்போது ஓரளவு நிமிர்வது ஆய்வுகளிற் புலனாகவே, 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை என்னும் பொது எல்லை நடைமுறைக்கு வந்தது. தமிழ் யூனியன் கழகத்து வீரரான அவர் 800 விக்கெற்றுகளுடன் 2010 இல் ரெஸ்ற் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். 2016 இல் சர்வதேசப் புகழ் மண்டபத்திற் சேர்க்கப்பட்ட முதல் இலங்கையரானார். ஐயத்தையே தீர்ப்பாகக் கொண்டிருந்தால் அம்மண்டபம் தன் பெருமையை இழந்திருக்கும்.

எனவே, சாதனையைப் பதிவுசெய்தல் ஒன்று, கௌரவித்தல் வேறொன்று எனக் கொள்ளலே தகும். பதிவேட்டிலே நல்லதும் தீயதும் நிகழ்ந்தவாறே நிற்றல் வேண்டும். கௌரவிக்கும்போது ஒழுக்கத்தை நோக்கலாம், நோக்கவும் வேண்டும். ஆயின் குற்றம் ஐயந்திரிபற நிறுவப்பட்டதாகவும், அளவுகோல் எல்லா நாட்டவர்க்கும் ஒன்றாகவும் இருத்தல் இன்றியமையாதது. கூச்சுக்குத் திறந்த கதவு வர்ணபுரவுக்கு மூடியிருந்தமைக்கு ஆட்டத்திறன் ஒரு காரணமென்பது உண்மையே. எனினும், அத்திறனைக் காட்ட ஒருவருக்குக் கிடைத்த காலம் மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதும் அதேயளவு உண்மையாகும்.

வெள்ளவத்தைக் கடற்கரையிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் மட்டை பிடிக்கும் சிறுவர், நாட்டின் முதல் ரெஸ்ற் தலைவர் யாரெனக் கேட்பின் பெயரைச் சொல்லுதல் கடன். அவர் ஏன் 4 போட்டிகளோடு நின்றார் என அவர்கள் அடுத்துக் கேட்பர். அவ்வினாவுக்கும் மறைக்காது விடையளித்தலே வரலாற்றுக்கு அழகு.