மரியன்டால்: நேரம் மட்டும் மிஞ்சிய ஊர்

வேலை போனவர்களைப் பார்த்து நாம் சொல்கிற வாசகங்கள் ரெண்டு உண்டு. ஒன்னு, "இவ்வளவு நேரம் கையில இருக்கே, புதுசா ஏதாவது கத்துக்கலாமே!" இன்னொன்னு, "மனசு வெச்சா முடியாதது இல்ல." ஐடி துறையில் ஆட்குறைப்பு அலை வரும்போதெல்லாம் வாட்ஸப்பில் இது ரெண்டும் சுற்றும். இந்த ரெண்டு பேச்சுக்கும் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர் பதில் சொல்லியிருக்கிறது.

வியன்னாவுக்குத் தென்கிழக்கே இருக்கும் மரியன்டாலில் இருந்தது ஒரே ஒரு ஆலை. நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் அதற்குள்தான். 1929 ஜூலையில் நூற்புப் பிரிவை மூடினார்கள். 1930 பிப்ரவரியில் நெசவும் நின்றது. ஊரில் 478 குடும்பங்கள். அதில் முக்கால்வாசிக் குடும்பங்கள் அரசு நிவாரணத் தொகையை நம்பி வாழும் நிலைக்கு வந்தன.

அதே காலத்தில் வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற இளம் ஆய்வாளர், தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய நினைத்தார். நாடே வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆராய்ச்சி, வேலையின்மையைப் பாருங்கள் என்று திருப்பிவிட்டவர் சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பவர். லாசர்ஸ்ஃபெல்ட், மரீ யஹோடா, ஹான்ஸ் ட்சைசல் மூவரும் ஒரு குழுவோடு 1931 கடைசியில் மரியன்டாலுக்குப் போனார்கள். வெறுமனே கேள்வித்தாளோடு போகவில்லை. துணி திரட்டிக் கொடுத்தார்கள், இலவச மருத்துவம் பார்த்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். அப்படிப் பழகிக்கொண்டே ஊரைக் கவனித்தார்கள்.

முதல் பேச்சை எடுத்துக்கொள்வோம்: நேரம். தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம் இல்லை. ஆனாலும் 1929க்கும் 1931க்கும் இடையில் இரவல் போன புத்தகங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. ஊர்ப் பூங்காவைப் பராமரிக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் அது புதர் மண்டிக் கிடந்தது. குழுவில் ஒருவர் மறைவாக நின்று, கடிகாரம் வைத்து, தெருவில் போகிறவர்களின் வேகத்தை அளந்தார். அளந்த 33 ஆண்களில் 18 பேர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில்தான் நடந்தார்கள். வழியில் நிற்பதும், சாய்வதும், மறுபடி நடப்பதும்தான். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னால், பல மணி நேரங்களுக்கு எழுத ஒன்றுமே இருக்காது.

பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கும் ஆலை வேலை போனதுதான். ஆனால் சமையல், துவையல், குழந்தைகள், கிழிந்த துணியைத் தைப்பது எல்லாம் அப்படியே இருந்தன. சம்பளம் நின்றதே தவிர, நாளின் சட்டகம் உடையவில்லை. யஹோடா பின்னாளில் இதை ஒரு கோட்பாடாகவே விரித்தார்: வேலை சம்பளத்தோடு சேர்த்து நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பொதுவான ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம் ஆகியவற்றையும் தருகிறது. வேலை போனால் இத்தனையும் ஒரே நாளில் போகிறது.

இரண்டாவது பேச்சு, மனசு. குழு 100 குடும்பங்களை நெருங்கிப் பார்த்து நான்காகப் பிரித்தது. உடையாதவர்கள் 16, இவ்வளவுதான் என்று ஒடுங்கியவர்கள் 48, நம்பிக்கை இழந்து தவிப்பவர்கள் 11, எதிலும் பிடிப்பற்றுப் போனவர்கள் 25. இது அவரவர் குணம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள். குடும்பத்தின் அளவுக்கு ஏற்பப் பிரித்துப் பார்த்தால் தலைக்கு மாதம் முறையே 34, 30, 25, 19 ஷில்லிங். மனநிலை அப்படியே வருமானத்தின் படிக்கட்டில் இறங்குகிறது. நிவாரணத்துக்குக் கால வரம்பு வேறு உண்டு. அது குறையக் குறைய ஒரு குடும்பம் மேல் படியிலிருந்து கீழ்ப் படிக்கு நழுவும் என்பதுதான் ஆய்வாளர்களின் முடிவு. நாம் "சோம்பேறி" என்று பேர் வைக்கும் ஆளுக்கும் "தன்னம்பிக்கைக்காரர்" என்று பாராட்டும் ஆளுக்கும் நடுவே இருந்தது 15 ஷில்லிங்.

நிவாரணச் சட்டமும் விசித்திரமானது. சில்லறை வேலை ஏதாவது செய்து பிடிபட்டால் தொகை ரத்து. ஹார்மோனிகா வாசித்துக் கொஞ்சம் காசு பார்த்த ஒருவருக்கு நிவாரணம் போனது. அதாவது, சும்மா இருக்காதே என்று ஊர் சொல்லும், சும்மா இருந்தால்தான் காசு என்று சட்டம் சொல்லும். விளைவு, அண்டை வீட்டார் மேல் புகார்கள். 1928-29இல் வந்தவை 9, அதில் 3 ஆதாரமற்றவை. 1930-31இல் 28, அதில் 21 ஆதாரமற்றவை. உண்மையான புகார் 6லிருந்து 7 ஆனது, அவ்வளவுதான். கூடியது பொறாமையும் பயமும். வேலை போனவர்கள் கொதித்து எழுவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் அன்றைக்கு நிறைய. மரியன்டாலில் அரசியல் அமைப்புகளின் உறுப்பினர் எண்ணிக்கையும் சரிந்துதான் போனது.

ஆய்வு 1933இல் புத்தகமாக வந்தது. யஹோடா 1936இல் சிறை சென்று, 1937இல் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது.

என் பார்வையில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையான விஷயம். வேலை போன நண்பருக்கு உற்சாக வீடியோ அனுப்புவதைவிட, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒரு இடத்துக்கு வரச் சொல்வது மேல். வாடகைக்கு உதவ முடிந்தால் அதைவிட மேல். அவர் மந்தமாகத் தெரிந்தால் குணத்தை எடைபோடுவதற்கு முன்னால், கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேட்டுப் பாருங்கள்.