வன்தட்டும் ஒரு வரிக் கட்டளையும்

பிரெஞ்சில் கணினிக்கு ‘ஒர்தினாத்தெர்’ என்று பெயர். 1955இல் ழாக் பெர்ரே என்ற இலத்தீன் பேராசிரியர், ஐபிஎம் நிறுவனத்தார் கேட்டதன்பேரில் எடுத்துக்கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இன்றும் அதுதான் முதலில் வாயில் வரும்.

2014இல் ஒருநாள் காலை அந்த ஒழுங்கு குலைந்தது. லினக்ஸ் துவங்கும்போதே கறுப்புத் திரையில் வரிவரியாகப் பிழைச் செய்திகள். வன்தட்டைப் படிக்க முடியவில்லையாம். அதில்தான் அப்பா சைகோனிலிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அசலில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. வேறு நகல் இல்லை. காலமெல்லாம் அலுவலகக் கோப்புகளுக்கு நகல் எடுத்தவன் சொந்த வீட்டில் செய்த காரியம் இது!

கடைக்காரர், “தட்டு போச்சு சார், புதுசு போட்டுடுங்க” என்றார். எதிர்வீட்டுப் பையன், “அவசரப்படாதீங்க தாத்தா” என்று உட்கார்ந்தான். துவக்கப் பட்டியலில் ‘இ’ விசையைத் தட்டி, கெர்னலுக்குப் போகும் வரியின் கடைசியில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தான். கணினி எழுந்தது. மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நின்றுபோகவில்லை. இரவுக்குள் எல்லாவற்றையும் வேறு தட்டுக்கு நகலெடுத்தோம். மறுநாள் கேபிளை மாற்றினான். பிறகு அந்தச் சொற்றொடரே தேவைப்படவில்லை.

அது என்ன மந்திரம் என்று தேடிப் படித்தபோது ஒரு வரலாறே கிடைத்தது.

1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வன்தட்டுக் கருவியில் 50 தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். 1991இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை அறிவித்தபோது, தன்னிடம் இருக்கும் ஏடி வகை வன்தட்டைத் தவிர வேறு எதிலும் அது ஒருவேளை ஓடவே ஓடாது என்று எழுதினார். ஆனால் உலகெங்கும் இருந்து விதவிதமான தட்டுகள் வந்து சேர்ந்தன. எல்லாம் தம்மைப் பற்றி உண்மை சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் சில கணினிகள் தட்டின் அளவைத் தவறாகச் சொல்லும். அப்போது ‘எச்டிஏ=’ என்று துவக்க வரியில் எழுதி, சிலிண்டர் இத்தனை, ஹெட் இத்தனை, செக்டார் இத்தனை என்று நாமே கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். பிறகு டிஎம்ஏ வந்தது. பிராசசரை எதிர்பாராமல் தகவல் நேரே நினைவகத்துக்குப் போகும் முறை அது. சில இயந்திரங்களில் இது குளறுபடி செய்ததால் ‘ஐடிஇ=நோடிஎம்ஏ’ என்ற கட்டளை பிறந்தது.

2003இல் சாட்டா தரம் வந்தது. முதலில் நொடிக்கு 1.5 கிகாபிட், பின்னர் 3, பின்னர் 6. கூடவே என்சிக்யூ என்ற வரிசைமுறை. எழுத்தர் மேசையில் 32 கோப்புகளை ஒன்றாக வைத்து, “உன் வசதிப்படி முடித்துக் கொடு” என்பது போல. சில தட்டுகள் முடியும் என்று தலையாட்டிவிட்டுத் திணறின. அப்படிப்பட்ட மாடல்களின் பட்டியல் கெர்னல் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாததற்குத்தான் ‘லிபாடா.ஃபோர்ஸ்’ கட்டளை. பையன் எழுதியதும் அதுவே: கோப்பை ஒவ்வொன்றாகக் கொடு, வேகத்தை 1.5க்கு இறக்கு. வேகம் குறைந்ததால் பழுதான கேபிளும் தாக்குப்பிடித்தது.

அரசு விதிகளில் “ஆயினும்” என்று தொடங்கும் விலக்குகள் வருமே, இந்தக் கட்டளைகளும் அப்படித்தான். எங்கோ யாரோ பட்ட பாடுதான் ஒவ்வொரு விலக்குக்கும் காரணம்.

ஒன்றை மறக்கக் கூடாது. பிழைச் செய்தியில் ‘ஐசிஆர்சி’ என்றிருந்தால் தகவல் வழியில் சிதைகிறது. பெரும்பாலும் கேபிள் கோளாறு. ‘யுஎன்சி’ என்றிருந்தால் தட்டிலேயே அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. எந்தக் கட்டளையும் அதைக் குணப்படுத்தாது. எதுவானாலும் முதல் வேலை நகலெடுப்பது. பழுது பார்ப்பது அப்புறம்.

அப்பாவின் கடிதங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று பாரிசில், மகள் வீட்டில்.