காது குத்தியாச்சு... குத்துனது யாரு?

போன மாசம் ஒருநாள் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அப்போ பக்கத்து சீட் தம்பி காதுல புதுசா ஒரு கறுப்பு வளையத்தோட வந்து நின்னான். தொங்குற வளையம் இல்லீங்க. காதுச் சோணையில ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ளயே வளையம். சுண்டுவிரல் தாராளமா நுழையும். பேரு 'டனல்'. ஒரு பியர்சிங் ஸ்டுடியோவுக்கு ஒரு வருஷமாப் போய் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாக்குனானாம். "இதெல்லாம் வெஸ்டர்ன் ஸ்டைல் ப்ரோ, உங்க ஊர்ப் பக்கம் தெரியாது"ன்னான்.

நமக்கு ஊரு புளியங்குடி. எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். எங்க ஆச்சி காதுல ஒரு காலத்துல ரெண்டு விரல் நுழையும். எனக்கே காது குத்தப் பாக்குறானேன்னு சிரிச்சிட்டு வந்துட்டேன் :-) ஆனா வீட்டுக்கு வந்த பிறகு ஆச்சி காதுல இருக்குற தையல் தழும்பு ஞாபகத்துக்கு வந்துருச்சு. அந்தக் காதை வளர்த்தது யாரு? அறுத்துத் தைக்க வச்சது யாரு? கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம் வாங்க.

நீண்ட காது நமக்குப் புதுசே இல்லை. கழுகுமலையில பாறையில செதுக்கியிருக்குற சமணத் தீர்த்தங்கரர்களைப் பாருங்க, காது தோளைத் தொடப் போகும். நடராசர் சிலையில ஒரு காதுல ஆண்கள் போடுற மகர குண்டலம், இன்னொரு காதுல பெண்கள் போடுற தோடு. பனையோலையைச் சுருட்டிக் காதுல செருகினதுதான் பழைய காதணி. அதனாலதான் தங்கத்துல செஞ்ச பிறகும் அதுக்கு ஓலைன்னே பேரு. இன்னிக்கும் அம்மனுக்குக் காதோலை கருகமணி வச்சுத்தானே கும்பிடுறோம்.

காது குத்துறதை ஒரு மருத்துவ வேலையாவே எழுதி வச்சது சுஸ்ருத சம்ஹிதை. குழந்தைக்கு ஆறாவது இல்லன்னா ஏழாவது மாசம். மடியில வச்சு விளையாட்டு காட்டணும். காதை வெயிலுக்கு நேராப் பிடிச்சு, வெளிச்சம் ஊடுருவுற இடம் எதுன்னு பாத்துக் குத்தணும். தப்பான இடத்துல குத்துனா ரத்தம் வரும், வலிக்கும். குத்துன ஓட்டையில எண்ணெய் தோய்ச்ச பஞ்சுத் திரியைப் போடணும், மூணு நாளைக்கு ஒரு தடவை இன்னும் தடிமனான திரியா மாத்திக்கிட்டே வரணும். அறுந்துபோன சோணையை ஒட்டவைக்க 15 வகைகளும் அதே அத்தியாயத்துல இருக்கு. இடம் பாக்குறது, குத்துறது, பெருசாக்குறது, புண்ணைக் கவனிக்கிறது. இன்னிக்கு ஒரு ஸ்டுடியோ செய்யுற வேலை அத்தனையும் இதுல அடங்கிருச்சு.

நம்ம கிராமங்கள்ல இந்த வேலையை யாரு செஞ்சாங்க? ஆசாரி குத்துனது உண்டு. ஆனா இதையே பொழப்பா வச்சு ஊர் ஊரா நடந்தவங்க குறவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பத்தின ஏழு தொகுதி நூல்ல 'காது குத்துகிறவர்'னே ஒரு பதிவு இருக்கு. அந்தத் தொழில் செய்யுற குறவர்களுக்கு அதுதான் பேரு. (நரிக்குறவர் வேற, இவங்க வேற. நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.)

போன தடவை ஊருக்குப் போனப்ப ஆச்சிகிட்ட கேட்டேன்.

"ஏய்யா, எங்காத்தா மடியில போட்டுக் குறத்திதான் குத்துனா. மொதல்ல பஞ்சுத் திரி. பொறவு ஓலைச் சுருளு. அது விரிஞ்சு கொடுக்கும்லா. பொறவு ஈயக் குணுக்கு. கனம் தாங்காம அழுவேன். அவ வந்து பாத்து, 'இந்தப் பக்கம் இறங்கிட்டு, அந்தப் பக்கம் இறங்கல'ன்னு மாத்தி மாட்டுவா. நெல்லு கொடுப்பாவ, வாங்கிட்டுப் போவா."

கவனிச்சீங்களா? ரெண்டு பக்கமும் சமமா இறங்குதான்னு பாக்க அவங்க திரும்ப வந்திருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா டெலிவரிக்கு அப்புறம் சப்போர்ட். கூலி நெல்லு.

இப்படி வளர்த்த காதுலதான் பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகவடம் எல்லாம் ஆடுச்சு. உள்ள அரக்கு, மேல தங்கத் தகடு. உருண்டையும் சதுரமுமா, ஜியோமெட்ரி பாக்ஸைக் கொட்டுன மாதிரி இருக்கும்.

அப்புறம் ரெண்டு பக்கமும் அடி விழுந்துச்சு. முதல் அடி குத்துனவங்களுக்கு. 1871-ல வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-க்கு அப்புறம் சென்னை மாகாணத்துலயும் கொண்டுவந்தாங்க. குறவர்கள்ல பல பிரிவுகளை அந்தப் பட்டியல்ல சேர்த்தாங்க. ஊர் ஊராப் போறதுதான் பொழப்பு. ஊர் ஊராப் போறதையே சந்தேகத்துக்குரிய குற்றமா ஆக்குனா அந்தத் தொழில் என்ன ஆகும்? சட்டம் நாடு முழுக்க ஒழிஞ்சது 1952-லதான். ஊர்க்காரங்க பார்வை மாற அதுவும் போதலை.

ரெண்டாவது அடி போட்டவங்களுக்கு. படிப்பும் பட்டணமும் வந்ததும் நீட்டுக் காது பட்டிக்காட்டு அடையாளமாச்சு. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சோணையை அறுத்துத் தைச்சுக்கிட்டாங்க. ஆச்சி கதையும் அதேதான்.

"ஒங்க பெரியப்பன் மெட்ராஸ்ல வீடு எடுத்தாம்லா. பஸ்ஸுல எல்லாரும் என் காதையே பாக்காவன்னு அவனுக்கு வெக்கம். சரின்னு தைச்சிக்கிட்டேன். பாம்படத்தை உருக்குனா அரக்கு போகக் கொஞ்சூண்டு தங்கம். ஒங்க அத்தைக்கு ஒரு கம்மலு ஆச்சு."

இதைச் சொல்லும்போது ஆச்சி அழல. நான்தான் எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்ப அமெரிக்காவுக்கு ஒரு தாவு. பியர்சிங்கை ஒரு தனித் தொழிலா அங்க நிறுவுனவர்னு ஜிம் வார்டைச் சொல்வாங்க. 1975-ல 'காண்ட்லெட்' நிறுவனத்தை வீட்டுல இருந்து ஆரம்பிச்சு, 1978-ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கடை போட்டார். அவரோட கூட்டாளிகள்ல ஒருத்தர் ஃபகீர் முசாஃபர். பேரைப் பாத்து ஏமாறாதீங்க, 1930-ல தெற்கு டகோட்டாவுல பொறந்த ரோலண்ட் லூமிஸ்தான் அவர். நேஷனல் ஜியோகிராஃபிக் படங்களைப் பாத்து உடம்புல பரிசோதனை பண்ணுனவர். வேல் கம்பிகள் குத்துன காவடியையும் தன் உடம்புல ஏத்திக்கிட்டார்! நம்மாளுங்க தோட்ட வேலைக்குக் கப்பலேறி மலாயாவுக்குக் கொண்டுபோன காவடி, 1892-ல இருந்து பத்துமலையில தைப்பூசம், அதோட படங்கள் உலகம் சுத்தி, கடைசியில கலிஃபோர்னியா ஸ்டுடியோ சுவருக்குப் போய்ச் சேர்ந்துச்சு. 1994-ல அவங்களுக்குன்னு சங்கமே வந்துருச்சு.

அங்க சேர்ந்த நல்லதையும் சொல்லணும். ஒரு ஊசி ஒருத்தருக்குத்தான். கருவிகள் ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி நீராவியில வேகும். உடம்புக்குள்ள வைக்கிற தரமான டைட்டானியம் நகை. நம்ம ஊர்ல ஒரே ஊசியில பத்துப் பிள்ளைங்களுக்குக் குத்துனதும், புண்ணு சீழ் பிடிச்சதும் நடந்ததுதான். பழசு எல்லாம் பொன்னுன்னு நான் சொல்ல வரலை.

ஆனா இப்ப ரெண்டும் இல்லாத ஒரு நடுவாந்திரத்துல நிக்கிறோம். அக்கா பொண்ணுக்குச் சிட்டியில ஒரு நகைக் கடையில துப்பாக்கி வச்சு 'டப்'புன்னு அடிச்சாங்க. அதோட பிளாஸ்டிக் உடம்பு ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்காது. முனை மழுங்கின கம்மலையே சதைக்குள்ள அழுத்தித் தள்ளும். நாலாம் நாள் காது வீங்கி, திருகாணி சதைக்குள்ள புதைஞ்சு, டாக்டர்தான் எடுத்துவிட்டார். வெளிச்சத்துல பிடிச்சு இடம் பாக்கலை, அப்புறம் எப்படி இருக்குன்னு கேக்கவும் ஆளில்லை. குறத்தியோட கண்ணும் போச்சு, ஸ்டுடியோவோட சுத்தமும் வரலை.

மறுபடி குத்துறப்ப பியர்சிங் தொழிலைப் படிச்சவங்ககிட்ட, ஊசியில குத்திக்கலாம்னு அக்காகிட்ட சொல்லியிருக்கேன். தாய்மாமன் மடி ரெடி.

கிளம்பறதுக்கு முந்தி ஆச்சிகிட்ட செல்போன்ல தம்பியோட டனல் போட்டோவைக் காட்டுனேன். திட்டும்னு நினைச்சேன். கண்ணைச் சுருக்கி ரெண்டு காதையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு.

"ஏல, யாருல வளத்தா இவனுக்கு? சோணை ரெண்டும் சமமா இறங்கியிருக்கே. நல்ல கைதான்."

அப்படியே கை தானா தன் காதுத் தழும்பைத் தடவுச்சு.

பி.கு: உங்க வீட்டுலயும் பாம்படம் போட்ட ஆச்சி, அப்பத்தா யாராச்சும் இருந்தா, நகையைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. காதை வளர்த்தது யாருன்னும் கேளுங்க. கேட்டதைப் பதிவாப் போட்டீங்கன்னா மொத ஆளா வந்து படிப்பேன்.