தனியார் ஜெட் விமானத் தடை

தனவந்தர் சிலரின் சொந்தப் பிரயாணத்திற்கென்றே பறக்கும் ஜெட் விமானங்களைச் சுற்றாடலின் பொருட்டு விலக்கவேண்டும் என்னும் கோரிக்கை இது. 2023இல் இவை ஏறத்தாழ 1.56 கோடி தொன் காபனீரொட்சைட்டை ஆகாயத்தில் சேர்த்தன என்றும், இவற்றின் பறப்புகளுள் ஏறக்குறையப் பாதி 500 கிலோமீற்றருக்கு உட்பட்டவை என்றும் 2024இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று கணித்துள்ளது. 2023இல் பிரான்சு, இரண்டரை மணி நேரத்துள் புகைவண்டியிற் செல்லக்கூடிய ஊர்களுக்கிடையே பொது விமானச் சேவையைத் தடைசெய்தும், தனியார் ஜெட்டுகளை அத்தடைக்குப் புறம்பாகவே விட்டது. பலர் கூடிச் செல்லும் வாகனத்தை நிறுத்தி ஒருவர் செல்வதை அனுமதிக்கும் இவ்வேற்பாடு நியாயமாகாது.

இக்கோரிக்கை எல்லா விமானங்களையும் பற்றியதன்று; மட்டக்களப்பை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நாவற்குடாவின் வாவிக்கரையில் நிற்பவர்க்கு, 1958இல் திறக்கப்பெற்று, 1983 முதல் விமானப்படையின் வசமிருந்து, 2018இல் உள்நாட்டுச் சேவைக்கு உரியதாக்கப்பட்ட மட்டக்களப்பு விமானநிலையம் வாவியின் மேற்கே, அக்கரையில் உள்ளது. அங்கு உள்நாட்டுப் பிரயாணிகளை ஏற்றிவரும் சிறிய சுழல்விசிறி விமானங்கள் இக்கோரிக்கையின் இலக்கல்ல என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆயினும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையைக் கண்ட இக்கரையோர மக்கள், உலகம் வெப்பமுறுதலால் உயர்ந்துவரும் கடலை, தனியார் ஜெட் விமானத்தில் ஒருநாளேனும் ஏறாமலே எதிர்நோக்குகின்றனர். அவர்கள் கொழும்புக்குச் செல்வது பெரும்பாலும் பேருந்திலும் உதயதேவிப் புகைவண்டியிலுமே.