கண்ணியம் என்றொரு பேட்டை

அங்கே இரவு ஒன்பதரை, இங்கே துபாயில் எட்டு. காலையில் எனக்கு டூட்டி இருப்பதால் சுருக்கமாகப் பேசுகிறேன். நான் வரலாற்று ஆய்வாளர் இல்லை, செவிலியர். கராமா என்ற பேட்டையின் கதையை நோயாளிகளிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டவள். அரபியில் ‘கராமா’ என்றால் கண்ணியம்.

நமக்கும் இந்தக் கரைக்குமான உறவு எண்ணெய்க்கு முந்தையது. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் வெளியிட்டது. 1966இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் துபாய் அதைக் கைவிட்டது. அதே ஆண்டில்தான் துபாய்க் கடலில் எண்ணெய் கிடைத்தது. 1971இல் அமீரகக் கூட்டமைப்பு உருவானது. 1973இல் திர்ஹாம் வந்தது. கணக்கர்கள், டிரைவர்கள், செவிலியர்கள் என்று நம்மவர்கள் குவிந்தார்கள். நடுத்தரச் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியான வாடகையில் கிடைத்தவை கராமாவின் உயரம் குறைந்த அடுக்குமாடிகள். ஒரு குடும்பத்துக்கான வீட்டில் பல கட்டில்கள். அதற்குப் பெயர் ‘பெட்ஸ்பேஸ்’.

சமைக்க இடமில்லாதவர்களுக்காக மெஸ் வந்தது, மலையாளிகளின் கஃப்டீரியா வந்தது. பக்கத்துச் சத்வாவில் 1978இல் பாகிஸ்தானியர் தொடங்கிய ‘ராவி’ உணவகம் இன்றும் இருக்கிறது. சரவண பவன் 2000இல் முதன்முதலாகக் கடல் கடந்து கிளை திறந்ததும் துபாயில்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவருக்குப் பரோட்டாவும் கடக் டீயும் கிடைப்பதுதான் எங்கள் இரவு வாழ்க்கை. 2022இல் வார விடுமுறை மாறும்வரை எங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. ஊது மேத்தாவில் ஆராதனை முடிந்ததும் கூட்டம் கராமாவுக்குத்தான் சாப்பிட வரும்.

இப்போது கராமாவின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், உணவுப் பதிவர்கள் வருகிறார்கள். எனக்கும் அந்த ஓவியங்கள் பிடிக்கும். ஆனால் பேட்டைக்கு மவுசு கூடினால் வாடகையும் கூடும். 2008இல் சத்வாவில் புது நகரத் திட்டத்துக்காக வீடுகளை இடித்தார்கள். பொருளாதார நெருக்கடியில் திட்டம் நின்றுபோனது. காலி செய்தவர்கள் காலி செய்தவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. இங்கே பெரும்பாலோருக்கு வேலை இருக்கும்வரைதான் விசா. நீண்டகால விசாக்கள் அண்மையில்தான் வந்தன, அவையும் எல்லோருக்கும் இல்லை. அதனால் இந்தப் பேட்டையில் தாத்தாக்கள் குறைவு. பழங்கதை சொல்ல வேண்டியவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படிப் போகவிருந்த ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருந்தார். கராமா மெஸ் ஒன்றில் முப்பது வருடம் சமைத்தவர். “சிஸ்டர், அந்தப் பக்கம் போனா எங்க மெஸ் போர்டு இருக்கான்னு பார்த்துட்டு வர்றீங்களா?” என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் காபிக் கடை இருந்தது; உள்ளே சுவர் நிறைய அழகான படங்கள். மறுநாள் அவரிடம், “இருக்குது ஐயா” என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். இரண்டு நாளில் விமானம் ஏறினார்.

அந்தப் பொய் இன்னும் என்னை உறுத்துகிறது. இன்று இதைப் பேச வந்ததே அதனால்தான். உங்கள் வீட்டில் வளைகுடாவிலிருந்து திரும்பிய அப்பாவோ சித்தப்பாவோ இருந்தால், எந்தத் தெரு, எந்த மெஸ், கட்டில் வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய மெஸ் டோக்கன் கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.