எஸ்.வி.40: தடுப்பூசிக்குள் வந்த குரங்கு வைரஸ்

எஸ்.வி.40 என்பது ஆசியாவின் ரீசஸ் குரங்குகளிடம் இயல்பாகக் காணப்படும் டி.என்.ஏ. வைரஸ். போலியோ தடுப்பூசி வழியாக இது கோடிக்கணக்கான மனித உடல்களுக்குள் சென்றது. அதனால் புற்றுநோய் வந்ததா என்ற ஆய்வு அரை நூற்றாண்டு நீடித்தது.

1955இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசிக்கு, ரீசஸ் குரங்கின் சிறுநீரகச் செல்களில் போலியோ வைரஸை வளர்த்து, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்தார்கள். போலியோ வைரஸ் மடிந்தது. கூடவே தொற்றி வந்த எஸ்.வி.40 முழுதாக மடியவில்லை. 1960இல் மெர்க் நிறுவனத்தின் பென் ஸ்வீட்டும் மாரிஸ் ஹில்மனும் அதைக் கண்டுபிடித்தனர். ரீசஸ் செல்களில் சுவடு காட்டாமல் இருந்த வைரஸ், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் செல்களில் குமிழ்களை உண்டாக்கி வெளிப்பட்டது.

அதே சமயம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னிஸ் எடி, ரீசஸ் சிறுநீரகச் செல்களின் சாற்றை ஹாம்ஸ்டர்களுக்குச் செலுத்தியபோது கட்டிகள் வளர்ந்தன. முடிவை வெளியே சொன்ன அவரிடமிருந்து தடுப்பூசிச் சோதனைப் பொறுப்பு பறிக்கப்பட்டது. கட்டிகளுக்குக் காரணம் எஸ்.வி.40 என்பது 1962இல் உறுதியானது.

புதிய தொகுதிகளில் இந்த வைரஸ் இருக்கக் கூடாதென 1961இல் அரசு விதித்தது. கையிருப்பைத் திரும்பப் பெறவில்லை. 1955 முதல் 1963 வரை தடுப்பூசி பெற்ற சுமார் 9.8 கோடி அமெரிக்கர்களில் 1 முதல் 3 கோடிப் பேருக்கு வைரஸ் சென்றிருக்கலாம் என்பது கணிப்பு.

மனிதருக்கும் புற்றுநோய் வருமோ என்ற சந்தேகத்துக்கு அடிப்படை இருந்தது. இந்த வைரஸின் ‘பெரிய டி’ புரதம், செல் பெருக்கத்துக்குக் கடிவாளமிடும் பி53 புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. 1979இல் பி53 கண்டறியப்பட்டதே எஸ்.வி.40 ஆராய்ச்சியில்தான்.

1992இல் குழந்தைகளின் மூளைக் கட்டிகளிலும், 1994இல் நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமாவிலும் எஸ்.வி.40 மரபணுத் துணுக்குகள் கிடைத்ததாக ஆய்வுகள் வந்தன. ஆனால் தடுப்பூசி பெற்ற தலைமுறையினரிடம் புற்றுநோய் கூடவில்லை என 1998இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு கூறியது. 2004இல் இன்னொரு திருப்பம்: மீசோதீலியோமா மாதிரிகளில் பி.சி.ஆர். சோதனை காட்டிய துணுக்குகள், எஸ்.வி.40 துணுக்குகளைக் கொண்டு ஆய்வகங்களில் புழங்கும் பிளாஸ்மிட் டி.என்.ஏ. கலந்ததால் வந்திருக்கலாம் என லான்செட் இதழில் ஒரு குழு எழுதியது.

2012இல் கூடிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் வல்லுநர் குழு, விலங்குகளில் சான்று போதுமானது, மனிதர்களில் போதாது என்று முடிவுசெய்து, எஸ்.வி.40ஐ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குமா என வகைப்படுத்த முடியாத 3ஆம் பிரிவில் வைத்தது.